நைனா வாங்கிய ரேம்ப்

வண்டியைத் தூக்கி நிறுத்த ஒரு ஜாக்கி வாங்கலாமென்று போன மாதம் கடைக்குப் போயிருந்தேன். நங்கநல்லூரில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் பழைய பைக்கை அங்கேதான் பிரித்து மாட்டுவேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எடுத்துட்டுப் போற மாதிரி வேணுமா சார், இல்ல தரையில போல்ட் போட்டு இறுக்குற மாதிரியா?" என்பதுதான். யாரிடமும் கேட்கிற சாதாரணக் கேள்வி. யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். இதே கேள்விக்கு எங்கள் வீட்டில் நைனா, என் அப்பா, ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறார்.

அப்போது நாங்கள் சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டிக் குடியிருந்தோம். நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். நைனாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர்கள். அதனால் நான் மூன்றாவது படிப்பதே வீட்டில் பெரிய உத்தியோகம் போல இருந்தது. நைனா பைக் மெக்கானிக். கடை என்று தனியாக எதுவும் இல்லை. வாசலில் தகரத்தை இறக்கிக் கட்டி, அதற்கடியில் குத்தவைத்து உட்கார்ந்து வேலை பார்ப்பார். வண்டியைத் தூக்கி நிறுத்த அவரிடம் இருந்தவை நாலைந்து செங்கல்லும் ஒரு மரக்கட்டையும்தான். எங்கள் பக்கத்தில் எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான் செய்தார்கள்.

ஒரு மதியம் அந்தச் செங்கல்லில் ஒன்று பிளந்தது. கனமான வண்டி. பின்சக்கரத்தைக் கழற்றியிருந்தார். வண்டி அப்படியே சரிந்து அவர் இடுப்பின்மேல் விழுந்தது. தெருவே ஓடிவந்து வண்டியைத் தூக்கி நிறுத்தியது. நைனா எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்து அவர் திரும்பி வந்தபோது வலது கால் மடங்க மறுத்தது. நிற்கலாம், மெல்ல நடக்கலாம், குத்தவைக்க மட்டும் முடியாது. நின்றபடி செய்கிற வேலையாகப் பார்த்துக்கொள் என்று டாக்டர் சொன்னதாக அம்மா எல்லோரிடமும் சொன்னாள். பைக்கில் பழுதாகிற சாமான் முக்கால்வாசி முழங்காலுக்குக் கீழேதான் இருக்கிறது என்பது அந்த டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அம்மா தி.நகரில் ஒரு துணிக்கடையில் தரை துடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவள் சம்பளத்தில் சோறு வெந்தது. நைனா வாசலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வண்டியைத் தள்ளிக்கொண்டு யாராவது வந்தால், "கால் சரியாவட்டும்பா, நானே கூப்புடுறேன்" என்று அனுப்பிவிடுவார். வந்தவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் வருகிறவர்களும் குறைந்தார்கள்.

வழி சொன்னது மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் இருந்தார். "நீ ஏன் மாமா குனியிற? வண்டி இடுப்பு மட்டும் ஏறி வரட்டும். அதுக்குன்னு மிஷினு கீது" என்றார். நைனா முகத்தில் பல நாள் கழித்து ஏதோ ஒன்று தெரிந்தது. அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அதிகாரிகள் சிலர் வந்து, ஆற்றோர வீடுகளின் கதவுக்குக் கதவு சிவப்புப் பெயிண்டில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். எனக்கு ரொம்பச் சந்தோஷம். அதுவரை எங்கள் வீட்டுக்கு எண்ணே கிடையாது. பள்ளியில் விலாசம் எழுதச் சொன்னபோது அந்தச் சிவப்பு எண்ணைத்தான் அழகாக எழுதினேன். அம்மா ஈரத்துணியால் அதைத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

ஜாக்கி வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். விலைச்சீட்டைப் படிக்கப் படித்த ஆள் வேண்டுமாம். சிந்தாதிரிப்பேட்டையில் மாமாவுக்குத் தெரிந்த கடை அது. இரண்டு சாமான்களை எடுத்துக் காட்டினார்கள். ஒன்று கத்திரி ஜாக்கி. கத்திரிக்கோல் போல விரிந்து, வண்டியின் அடிவயிற்றில் முட்டுக்கொடுத்துத் தூக்கும். மடக்கினால் ஒரு ஆள் தோளில் போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று ரேம்ப். கட்டில் நீளத்துக்கு இரும்புப் பலகை, முன்சக்கரத்தைக் கவ்விக்கொள்ள ஒரு வாய், பக்கத்தில் கால் பெடல். பெடலை மிதிக்க மிதிக்க எண்ணெய் அழுத்தத்தில் பலகை வண்டியோடு மேலே வரும். வேண்டிய உயரம் வந்ததும் குறுக்கே ஒரு கம்பியைச் செருகிவிட்டால் இறங்காது. ஆனால் அதைத் தரையில் கான்கிரீட் போட்டு, போல்ட் வைத்து இறுக்கியாக வேண்டும்.

மாமா கத்திரி ஜாக்கியைத் தோளில் வைத்துக் கடைக்குள்ளேயே நடந்து காட்டினார். கடைப் பையன்கள் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. "ஸ்கூட்டருக்கு அடியில இத்த எங்கடா முட்டுக் குடுப்ப? ஓட்ட பிளாஸ்டிக்கு, ஒடஞ்சி பூடும்" என்றார். கடைக்காரர் அதை ஒத்துக்கொண்டார். நைனா ரேம்பின் பலகையை உள்ளங்கையால் தடவினார். பிறகு பெடலை இடதுகாலால் மிதித்தார். பலகை ஏறி அவர் இடுப்புக்கு வந்து நின்றது. ஒன்றுமில்லாத பலகையின் மேல் இரண்டு கையையும் ஊன்றி நிமிர்ந்து நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அப்படி நிமிர்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

வெளியே டீக்கடையில் மாமா விடவில்லை.

"ஸ்கூட்டர் கத எல்லாம் சரி மாமா. கதவுல நம்பர் போட்டுட்டுப் போய்க்கிறான். நாளிக்கி எந்திரிச்சிப் போன்னு சொன்னா, இத்த இன்னா பண்ணுவ? சின்னதுன்னா தூக்கிகினு போய்னே இருக்கலாம்."

"நம்மூட்ல தூக்கிகினு போவ முடியாத சாமான் ஒண்ணு சொல்றா பாக்கலாம்."

மாமா யோசித்தார். கட்டில், மடக்கு நாற்காலி, ஸ்டவ், டிரங்குப் பெட்டி. எதுவும் சிக்கவில்லை போலிருக்கிறது.

"இல்லல்ல? அதான். எவனாலயும் தூக்கிகினு போவ முடியாததா ஒண்ணு எனக்கு வோணும்" என்றார் நைனா.

மாமா டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்துபோனார். நைனாவின் பேச்சு எனக்கு உடனே புரிந்துவிட்டது. போன மழைக்காலத்தில்தான் வாசலில் வைத்திருந்த ஸ்பேனர் பெட்டியை எவனோ கிளப்பிக்கொண்டு போயிருந்தான். திருட்டுப் பயல் தொடமுடியாத சாமான் வேண்டுமென்கிறார். இவ்வளவு நல்ல யோசனைக்கு மாமா ஏன் கோபப்பட வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

கோபப்பட்டாலும் குழி தோண்ட அவர்தான் வந்தார். ஆற்றோரத்து மண் தோண்டத் தோண்டப் பிளாஸ்டிக் பையும் ஓட்டாஞ்சல்லியுமாக வந்தது. அதற்கும் கீழே கறுப்புத் தண்ணீர் ஊறியது. வாளியால் இறைத்து இறைத்து, பழைய கட்டடக் கல்லைப் போட்டு நிரப்பி, அதன்மேல் ஜல்லியும் சிமெண்டும் கலந்து கொட்டினார்கள். எதிர்வீட்டு அக்கா தண்ணிக்குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தாள். "இன்னாண்ணா, மெட்ரோ ஸ்டேஷனா கட்ற?"

"ஆமாம்மா. டிக்கெட்டு உனக்கு ஃப்ரீ" என்றார் நைனா.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் கதவிலிருந்த எண்ணையும் ஈரச் சிமெண்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நைனா கேட்டிருப்பார். அவள் சொல்லவில்லை. சிமெண்ட் காயும்வரை காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் ஊற்றியது அவள்தான்.

ரேம்ப் வந்து, போல்ட் இறுக்கியதும் வண்டிகள் திரும்பி வந்தன. தகரக் கூரைக்கடியில் ஒரு பைக் ஆள் இடுப்பளவுக்கு ஏறி நிற்பதைப் பார்க்கவே சிலர் வந்தார்கள். நைனா நின்றபடியே எஞ்சினைப் பிரித்தார். வேலை முடிந்ததும் பலகையைத் தாழ இறக்கி, பழைய துணியால் எண்ணெய்க் கறையைத் துடைத்துவிட்டுத்தான் கை கழுவுவார். அம்மா துணிக்கடை வேலையை விட்டுவிடலாமா என்று பேச ஆரம்பித்தாள்.

பேச்சு பேச்சாகவே இருந்தது. மழை முடிந்து, வெயில் ஏறுகிற நேரத்தில் தெருமுனையில் லாரிகள் வந்து நின்றன. ஊருக்கு வெளியே கட்டியிருக்கும் அடுக்குமாடியில் வீடு ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். எங்களுக்கு நான்காவது மாடி. ரேம்பைக் காட்டி, இதை வைக்கக் கீழ்த்தளத்தில் கொஞ்சம் இடம் கிடைக்குமா சார் என்று நைனா கேட்டார். வந்திருந்த அதிகாரி கெட்டவரில்லை. பெடலை மிதித்துக் காட்டச் சொல்லி ஆர்வமாகப் பார்த்தார். நல்லாயிருக்கே என்றார். கீழ்த்தளம் நடக்க முடியாதவர்களுக்கு மட்டும்தான் என்றார். நைனா நடப்பதை அவர் பார்த்திருந்தார்.

மாமா பட்டறையிலிருந்து கட்டிங் மிஷினோடு ஓடிவந்தார். "போல்ட்ட அறுத்துட்றேன் மாமா. பழைய இரும்புக்காச்சும் போவும்."

"உட்றா."

"இன்னா மாமா நீ? உட்டுட்டுப் போவியா?"

"கைய வெக்காதன்றேன்ல."

அதற்குள் அம்மா எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டாள். கட்டில், நாற்காலி, ஸ்டவ், டிரங்குப் பெட்டி. மாமா டீக்கடையில் யோசித்த அதே சாமான்கள். ஏற்றி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நைனா பலகையை எப்போதும்போலத் துடைத்தார். அன்று மட்டும் தாழ இறக்கவில்லை. பெடலை மிதித்து மிதித்து, போகிற உயரம்வரை ஏற்றினார். குறுக்குக் கம்பியைச் செருகி, ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

அதன்பிறகு அவர் எந்த வண்டியையும் தொடவில்லை. அடையாறில் ஓர் அப்பார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேனாகக் காலை நீட்டி உட்கார்ந்து, என்னைப் படிக்க வைத்தார். வண்டிகள் உள்ளே போகும்போது எழுந்து நின்று கதவைத் திறந்துவிடுவார். அவர் இருந்தவரை அந்த ரேம்பைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

அன்று லாரி கிளம்பியபோது இடிக்கிற இயந்திரம் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டது. முதலில் தகரம் போனது, பிறகு கதவு, என் சிவப்பு எண்ணோடு. சுவர் சரிந்து எழும்பிய தூசி அடங்கியபோது ரேம்ப் மட்டும் நின்றுகொண்டிருந்தது. மேலே வண்டியில்லை, சுற்றி வீடில்லை. வெறும் பலகை, ஏற்றிய உயரத்தில் அப்படியே. அம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியவர்கள் இதற்குப் போய் ஏன் இப்படியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நைனாவின் கையைப் பிடித்து இழுத்து ஆறுதலாகச் சொன்னேன்: "பயப்படாத நைனா. நீ போட்ட போல்ட்டு. எந்தத் திருடனாலயும் தூக்க முடியாது."

"ஆமாண்டா" என்றார்.

அந்த லாரியில் நிம்மதியாகப் போனவன் நான் ஒருவன்தான்.