ஒப்பியாவின் பூண்டு உரல்

பூண்டை உரலில் போடுவதற்கு முன்பு ஒப்பியா ஒருமுறை தலையைத் தூக்கி எதிர்க்கடை வாசலைப் பார்ப்பாள். அங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று உதடு அசையாமல் எண்ணிக்கொள்வாள். அதன் பிறகுதான் குழவி இறங்கும். ஆஸ்தியா துறைமுகத்தின் கயிற்றுக்காரர் தெருவில் பதினோரு வருடமாக இதைக் கவனிக்காதவர்கள் இல்லை.

இரண்டு கடையிலும் காலை உணவு ஒன்றுதான். சுட்ட ரொட்டி, ஆலிவ் காய், பாலாடைக்கட்டியோடு பச்சிலை சேர்த்து இடித்த துவையல். ஒப்பியா நாலு பல் பூண்டு வைத்து இடிப்பாள். எதிர்க்கடை ஹெல்பிஸ், அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள், பூண்டே சேர்க்கமாட்டாள்; கொத்தமல்லியும் வால்நட்டும்தான். விடியும்போதே பெரிய மனிதர் வீட்டு வாசலுக்கு வணக்கம் சொல்லப் போகிறவர்கள் எல்லாரும் அவளிடமே நின்றார்கள்.

"நேத்து வரைக்கும் அடுத்தவ வீட்டு அடுப்பு ஊதினவ. அவ செய்யறது துவையலா? மாட்டுக்குப் போடற தழை," என்பாள் ஒப்பியா.

"தழையோ கிழையோ, ஒப்பியாக்கா," என்பான் கயிறு திரிக்கும் நூமிசியஸ். "உன் துவையலைத் தின்னுட்டு வணக்கம்னு வாயைத் தொறந்தா எசமான் ரெண்டடி பின்னால போறாரு. அப்புறம் எனக்கு எங்கேருந்து விருந்துக்கு அழைப்பு வரும்?"

"அப்ப வாயைத் தொறக்காம கும்புடு."

சிரித்தார்கள். சிரித்துவிட்டு எதிர்ப்பக்கம் போனார்கள். பூண்டைக் குறைத்தால் போதும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். குறைத்தால் ஹெல்பிஸ் செய்வதுதான் சரி என்று ஆகிவிடுமே.

ஒருநாள் தெருமுனைக் காவல் தெய்வங்களின் மாடத்துக்கு முன்னால் நின்று நேர்ந்துகொண்டாள். ஹெல்பிஸின் உரல் பிளந்தால், பாலாடைக்கட்டியும் மாவும் பிசைந்து இலைமேல் சுட்டு, தேன் ஊற்றிய பணியாரம் படைக்கிறேன். நல்ல வேண்டுதலை எல்லாரும் வாய்விட்டுத்தான் சொல்வார்கள். இவள் முணுமுணுத்தாள்.

ஒன்பதாம் நாள் விடியலில் ஹெல்பிஸே வந்து நின்றாள்.

"அக்கா, என் உரல் ரெண்டாப் போச்சு. நீ இடிச்சு முடிச்சிட்டேன்னா உன்னோடதைத் தர்றியா? மதியத்துக்குள்ள கொண்டாந்துடறேன்."

வந்தது மகிழ்ச்சியா பயமா என்று ஒப்பியாவுக்கே பிடிபடவில்லை. இருபது வருடப் பூண்டு ஊறிய கல் அது. சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் வாசம் போகாது. சொல்லியிருக்கலாம்.

"எடுத்துட்டுப் போ," என்றாள்.

பொழுது ஏறும்போது நூமிசியஸ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஹெல்பிஸ் கடைக்குத் திரும்பி வந்தான். "ஏழு பேர் போனோம். எசமான் மூக்கைப் பொத்திக்கிட்டாரு. ஹெல்பிஸ், நீயும் பூண்டு போட ஆரம்பிச்சிட்டியா?"

இந்தப் பக்கம் ஒப்பியா காதைத் தீட்டிக்கொண்டாள். இப்போது தன் பெயர் வரும்.

"என் கவனக்குறைவுதான் தம்பி," என்றாள் ஹெல்பிஸ். "நாளைக்கு வா, ஒழுங்கா இடிச்சுத் தர்றேன்."

மதியம் உரல் கழுவித் திரும்பி வந்தது. உள்ளே ஒரு பிடி வால்நட். திட்டியிருந்தால் ஒப்பியா தாங்கியிருப்பாள்.

கேட்டதைத் தெய்வங்கள் கொடுத்துவிட்டன, படைத்தாக வேண்டும். ஆனால் படைக்கும்போது எதற்காக என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டுமே. எதிரில் ஹெல்பிஸும் நிற்பாள். இரண்டு முறை பணியாரம் சுட்டாள். இரண்டு முறையும் கதவைச் சாத்திக்கொண்டு தானே தின்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாலாவது குளிர்காலத்தில் மார்ச்சளி கண்டு ஒப்பியா இறந்தாள். நேர்ந்த பணியாரம் தெய்வங்களுக்குப் போய்ச் சேரவில்லை.