கார் இல்லாத ஒரு சனிக்கிழமை

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் எங்கள் குறுக்குத்தெருவைக் கார் வருவதற்கு முந்தின காலத்துக்குத் திருப்ப எனக்கு ஒரேயொரு சனிக்கிழமைதான் தந்தார்கள். பதினொரு மணிக்கு நகரசபையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து பார்ப்பா. ஒரு வாகனமும் நிற்காவிட்டால் கோடை முழுக்கச் சனிக்கிழமைகள் எங்களுக்கு. ஒன்று நின்றாலும் அதோடு சரி.

பழைய படங்களைப் பெரிதாக்கி வேலி நெடுகக் கட்டினேன். பால் வண்டி, நடுத்தெருவில் கூடையோடு குந்தியிருக்கிற மீன்காரிகள், குதிரைச் சாணம் கூட்டுகிறவர், வண்டிக்காரனுக்கு வழிவிடாமல் வளையம் உருட்டுகிற பிள்ளைகள். முந்தி தெருவில்தான் ஆக்கள் நின்று விற்றார்கள், கதைத்தார்கள், சண்டைபிடித்தார்கள், அன்றைக்கு ஒருத்தரும் வாகனம் கொண்டுவரக்கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எங்கட தமிழ்ச் சனத்துக்கு மூன்று தரம். எல்லாரும் ஓம் என்றார்கள்.

எங்கட சனம் வெறுங்கையோடு ஒரு இடத்துக்கும் வராது என்பதை நான் யோசிக்கவேயில்லை. கலியாண வீடுகளுக்குச் சமைக்கிற அண்ணை பத்தரைக்குத் தெருமுனைத் தடுப்பை விலத்தி, பெரிய சோற்றுச் சட்டியோடு தன் வான் வண்டியை உள்ளே கொண்டுவந்தார். சந்தியிலிருந்து சட்டி ஏற்றவென்று நான் இரவல் வாங்கி வைத்திருந்த சரக்குச் சைக்கிளைப் பார்த்துச் சிரித்தார்.

"உதில வைச்சா குழம்பு றோட்டிலதான்."

இறக்கிப்போட்டு எடுக்கிறன் என்றவர், பின்கதவைத் திறந்து அங்கேயே பரிமாறத் தொடங்கினார். டெனிஷ் அயலவர்களும் தட்டோடு வரிசை. என் படங்களுக்கு முன்னால் ஒரு குருவி இல்லை. நடுத்தெருவில் ஆக்கள் நின்று கதைக்கினம், பிள்ளைகள் ஓடுகினம். நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது, ஒரு வானைச் சுற்றி.

ஐந்து நிமிடம் முன்பே அதிகாரி வந்துவிட்டா. வானைப் பார்த்தா, மணிக்கூட்டைப் பார்த்தா, இன்னும் ஐந்து நிமிடம் இருக்கு என்று மட்டும் சொன்னா. நான் ஓடினேன்.

"அண்ணை, இப்ப எடுக்காட்டி இந்தக் கோடையே போச்சு."

"வரிசையில நிக்கிற சனத்துக்கு என்ன சொல்லுறது, பிள்ளை?"

சட்டியின் ஒரு காதை நான் பிடித்தேன். மற்றதை வரிசையில் முதலாவதாக நின்ற டெனிஷ்காரர் பிடித்தார். சைக்கிளில் ஏற்றினோம். கறிச்சட்டியும் பொரித்த றோல்ஸ் பெட்டிகளும் கைமாறிக் கைமாறி வந்தன. ஒரு நிமிடம் மிச்சமிருக்க வான் சந்தியைத் தாண்டியது. அதிகாரி தாளில் கையெழுத்து வைத்தா, ஒரு றோல்ஸும் எடுத்தா.

எங்கேயோ வானை விட்டுவிட்டு அண்ணை வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்தார். கோடை முழுக்கக் கிடைத்ததென்று சொன்னேன். நல்லா சந்தோசப்பட்டார்.

"அப்ப அடுத்த கிழமை கோல்டிங்கில இருந்து மச்சானையும் கூப்பிடுறன். அவன்ர வான் இதைவிடப் பெரிசு."

நான் இன்னொரு சரக்குச் சைக்கிள் இரவல் கேட்கப் போனேன்.