மூடிமேல் எழுதிய ‘காலி’

துறைமுகச் சாலையில் ஒரு பழைய பெட்ரோல் பங்கை மூடினார்கள். பூமிக்கடியில் கிடக்கிற டேங்கை அப்படியே மண் தள்ளி மூடிவிட முடியாது. பெட்ரோலை லாரிக்கு உறிஞ்சி, அடிச்சகதியைப் பீப்பாயில் அள்ளி, உள்ளே தங்கிய ஆவியை வெளியேற்றி, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே மணலால் நிரப்ப வேண்டும். மாசுக்கட்டுப்பாட்டு விதி அப்படி. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இதெல்லாம் மேஸ்திரி சொல்லித்தான் தெரியும். அங்கே நான் ஹோஸ் பிடிக்கிற ஆள்.

எனக்கு எதற்கும் பயம். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். ஆலந்தலைக்காரரான வெல்டர் அண்ணாச்சிக்கு அதுதான் பொழுதுபோக்கு.

“ஏலே, மூடியத் தட்டி, உள்ள யாரும் இருக்கியளான்னு கேட்டுட்டு வா. பொறவு நான் கை வைக்கேன்.”

அன்று மதியம் பம்ப் வெறும் காற்றை இழுத்ததும், லாரிக்காரருக்குத் தெரியட்டும் என்று மூடிமேல் சாக்பீஸால் ‘காலி’ என்று எழுதினேன். பெட்ரோல்தான் காலி, ஆவி உள்ளேதான் இருந்தது. மீட்டர் பார்த்தபின் சொல்லவேண்டிய சொல் வேறு: ‘கிளியர்’. மீட்டர்க்காரர் இன்னும் வரவில்லை. அதற்குள் லாரி வால்வை மூடினேனா என்று சந்தேகம் வந்தது. மூன்றாவது முறையாகப் பார்க்கப் போனேன்.

சாப்பிட்டுவிட்டு வந்த அண்ணாச்சி, டேங்க் மூடியின் துருவேறிய போல்ட்டை அறுக்கக் கட்டிங் மெஷினை எடுத்தபடி கத்தினார்.

“ஏலே, காலியா?”

“காலிதான் அண்ணாச்சி!”

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்னால் மூன்று முறை பார்த்திருப்பேன் என்று அவர் நம்பியிருக்கிறார்.

பெரிய சத்தம்கூட இல்லை. தீ ஒரு தடவை எழுந்து அடங்கியது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இடது கண் போயிற்று. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், “யார்ட்டயும் கேக்கல சார், நானாத்தான் வச்சேன்” என்றார். ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அந்தத் தாளில் அவர் கைநாட்டுக்குக் கீழே சாட்சியாக என் கையெழுத்து இருக்கிறது. அதிகாரி போனதும், “ரெண்டு பேரு சோறும் எதுக்குலே போவணும்?” என்றார்.

டேங்கை முறைப்படி மணல் நிரப்பி மூடிவிட்டார்கள். சான்றிதழும் வந்தது.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன்.

“வாசல்ல ஏன்ல நிக்க? நாற்காலி காலியாத்தான் கெடக்கு. வேணும்னா தட்டிப் பாத்துட்டு உக்காரு.”

அவரே சிரித்தார். உட்கார்ந்தேன். காபி குடித்து முடித்தவர், மேசை விளிம்பை ஒரு கையால் தடவிப் பார்த்த பிறகு டம்ளரை வைத்தார்.