ரிவர்ஸில் வந்த பெண்ணழைப்பு

சவாரிக்குப் போய் நின்றதும் சுபலட்சுமியிடம் எல்லாரும் முதலில் கேட்பது, "டிரைவர் எங்கம்மா?" என்பதுதான். செல்லூர்ச் சந்துகளில் ஷேர் ஆட்டோவை நெளித்து ஓட்டிப் பழகிய கை. இப்போது சொந்தமாகப் புதுக் கார். பேரையூர்ப் பெண்ணழைப்புதான் அதற்கு முதல் கல்யாணச் சவாரி.

மணப்பெண் பவதாரிணியின் தாய்மாமன் சுருளி, காரின் மூஞ்சியே தெரியாதபடி ஒரு மாலையைத் தன் கையாலேயே கட்டினார். கோவில் திடலை விட்டுக் கல்யாண மண்டபத்துக்குக் கிளம்பிய கார் பத்தடி போய் வெடுக்கென்று நின்றது. மறுபடி கிளம்பியது, மறுபடி நின்றது.

புதுக் காருக்குள்ளும் ஒரு கல்யாண வீடு இருக்கிறது. முன்பக்கத்துச் சென்சார், ஆடுகிற மாலையைப் பார்த்துவிட்டு, குறுக்கே யாரோ நிற்கிறார்கள் என்று பிரேக்கிடம் சொல்லும். பிரேக் எட்டிப் பார்க்காது. சொன்னது சொந்தக்காரராயிற்றே, நம்பிவிடும். இஞ்சினிடமும் சொல்லி அதன் வாயை அடைக்கும். ஓட்டுகிறவளை மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டாள். மாலையை எடுத்துவிடச் சொன்னார்கள்.

"தாய்மாமன் போட்ட மாலை. பொண்ணு எறங்காம எவனும் தொடக் கூடாது," என்றார் சுருளி. பொம்பளை கையில் வண்டியைக் கொடுத்தால் இந்தக் கதிதான் என்று முனகிக்கொண்டே, ஊரில் வாடகைக்கு ஓட்டும் அழகுபாண்டியின் காரை வரவழைக்கப் போனை எடுத்தார்.

பெண் வண்டி மாறினால், சுபலட்சுமி கார் நடுரோட்டில் நின்ற சேதி முகூர்த்தத்துக்கு முன்பே தாலுகா முழுக்கப் போய்விடும். அப்புறம் எவன் கூப்பிடுவான்?

"மாலையத் தொடலண்ணே. பொண்ணையும் எறக்கல. கொண்டுபோய்ச் சேக்குறேன்," என்றவள் ரிவர்ஸைப் போட்டாள். திடலுக்குள் பின்னுக்கே வளைத்து, காரின் முதுகை மண்டபத்துப் பக்கம் திருப்பினாள். முதுகில் மாலை இல்லை. பின்பக்கத்துச் சென்சார் பாதை காலி என்றது. பிரேக் அதையும் நம்பியது.

"அக்கா, நிறுத்திராதீங்க," என்றாள் பவதாரிணி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சுபலட்சுமி ஜன்னலில் தலையை நீட்டினாள். "அண்ணே, முன்னால போயி கூட்டத்த விலக்குங்க. பெரிய மனுசன் சொன்னாத்தான் கேப்பாக."

பெரிய மனுசன் என்ற பிறகு என்ன செய்வது? சுருளி போனைப் பையில் போட்டார். காரைப் பார்த்தபடி தானும் பின்னுக்கே நடந்து, "வரலாம், வரலாம்" என்று கையாட்டிக்கொண்டே போனார். மேளம் மாலையைப் பார்த்து வாசித்தபடி தொடர்ந்தது.

மண்டப வாசலில் பவதாரிணி இறங்கினாள். வண்டியை ஓரங்கட்டச் சொல்லிச் சுருளி கையைக் காட்டினார். பின்னால் மண்டபத்துப் படிக்கட்டு. சுபலட்சுமி நகர்த்தவில்லை.

"முன்னாடி போகணும்ல. மாலைய எடுங்கண்ணே," என்றாள். "நான் தொடமாட்டேன்."