சன்னாசியின் காலில் ஓட்டை இல்லை

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வரிகள் மேலே ஏறும், கீழே இறங்கும். 'ழ' எழுதும்போது மட்டும் கை தனியாக நடுங்கும். எழுபத்தாறு வயதில், எட்டு மாதங்களுக்கு முன்புதான் பென்சில் பிடித்தேன். எங்கள் சனிக்கிழமை வகுப்பில் வாரம் ஒருவர் எழுதியதை இந்தப் பொது மண்டபத்துப் பலகையில் ஒட்டுவது வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் அரைப் பக்கம் எழுதுவார்கள். என்னுடையது பதினொரு தாள். எழுதி முடிக்க பன்னிரண்டு நாள் ஆனது. நின்று படித்துக் கால் வலித்தால் உள்ளே நாற்காலி இருக்கிறது, எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

சன்னாசி இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே படித்தேன். தினமும் பத்திரிகையில் ஒரு பக்கமாவது படிக்க வேண்டும் என்று வகுப்பு ஆசிரியை சொல்லியிருந்தார். மரண அறிவிப்புப் பக்கம்தான் எனக்குச் சௌகரியம். எழுத்து பெரிது, வரி சிறிது. அன்று காலை ரெங்கம் பட்டணத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்து விரலை வைத்துப் படித்துக்கொண்டு போனேன். ச, ன், னா, சி. ஒரே மூச்சில் சேர்ந்து வந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து மேசைக்காரரிடம், "பாருங்க, நம்ம சன்னாசி பேரு! யாரையும் கேக்காமப் படிச்சிட்டேன்" என்று சிரித்தேன். அதன் பிறகுதான் படத்தைப் பார்த்தேன்.

அவனுடைய மகன் முதல் நாளே எனக்குப் போன் செய்திருக்கிறான். என் போன் செனாய் பட்டணத்தில் என் மகள் வீட்டில் கிடந்தது. அதனால் அந்தப் பெயரைப் படித்துச் சிரித்த பாவம் எனக்கு வந்தது. பெயருக்குக் கீழே ஒரு சொல் இருந்தது. பெரிய சொல். நான்கு தடவை முயன்றேன். 'ஓட்டைக்கால்' என்று போட்டிருந்தார்கள். சன்னாசி என்று நம் பக்கத்தில் பல பேர் இருக்கிறார்கள், எந்தச் சன்னாசி என்று தெரிய வேண்டும் என்று அவன் மகன் போட்டிருக்கிறான். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. நாம் எல்லோரும் ஐம்பது வருடமாக அப்படித்தானே கூப்பிட்டோம்.

அந்தப் பெயர் தவறு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதினொரு தாள்.

'அவர்' என்று எழுதச் சொன்னார் ஆசிரியை. சன்னாசி என்னைவிட மூன்று வயது இளையவன். 'அவர்' என்று எழுதினால் யாரோ போல இருக்கிறது. 'அவன்' என்றே எழுதுகிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் நான் நடுவில் ஆடினேன். பந்தைத் தூக்கி தூரமாக அடிப்பது என் வேலை. சன்னாசி இடது ஓரம். நான் அடிப்பதை ஓடிப்போய் வாங்குவது அவன் வேலை. திடல் ஒரு பக்கம் சரிவு. எங்களில் யாருக்கும் பூட்ஸ் கிடையாது. காலையில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் இறக்கிவிட்டு வந்து, மாலையில் வெறுங்காலோடு ஆடுவோம். தோல் பந்து மழையில் நனைந்தால் பூசணிக்காய் கனம் கனக்கும். நான் நன்றாக அடித்தால் ஓரத்தில் நின்று பார்ப்பவர்கள் கை தட்டுவார்கள். அந்தப் பந்து சன்னாசியின் காலில் நிற்காமல் போனால் அவனைத் திட்டுவார்கள். எனக்குக் கைதட்டல், அவனுக்குத் திட்டு. நானும் திட்டியிருக்கிறேன். "அல்வா மாதிரி குடுக்கிறேன், வாங்கத் தெரியலையாடா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அவன் கோபப்படவில்லை. "சரி ராயப்பண்ணே, இன்னைக்கு நான் அடிக்கிறேன். நீங்க ஓடுங்க" என்றான்.

நான் ஓடினேன். ஓடிக்கொண்டே கழுத்தைத் திருப்பி மேலே பார்க்க வேண்டியிருந்தது. மேலே பார்த்தால் கால் பள்ளத்தில் இறங்குகிறது. கீழே பார்த்தால் பந்தைக் காணோம். வெயில் கண்ணில் அடிக்கிறது. பின்னால் ஒருவன் மூச்சு விடுவது காதில் கேட்கிறது. பந்து இறங்கும்போது எங்கே இறங்கும் என்பது கடைசி நொடி வரை தெரியவில்லை. முதல் பந்து முழங்காலில் பட்டு மாட்டுக் கொட்டகைக்குள் போனது. இரண்டாவது என் தலைக்கு மேல் போனது. மூன்றாவது வயிற்றில் பட்டு நான் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது பந்து அடித்தான். ஒன்றைக்கூட நான் வாங்கவில்லை.

"இப்பத் தெரியுதா லா?" என்று சிரித்தான். "அடிக்கிறவனுக்குப் பந்து நின்னுக்கிட்டு இருக்கும். வாங்குறவனுக்கு எல்லாமே ஓடும். பந்து ஓடும், பின்னால ஆளு ஓடும், நானும் ஓடணும்."

வரும் பந்துக்கு எதிரே காலை நீட்டினால் சுவரில் பட்டது போலத் தெறித்துவிடும் என்று அவன்தான் எனக்குக் காட்டினான். பந்து தொடும் நேரத்தில் காலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். "வீட்டுக்கு ஆளு வந்தா கதவத் தொறந்துட்டு நாம ஒரு எட்டு பின்னால போறோம்ல, அப்படித்தான்" என்றான். கேட்க எளிது. பதினைந்து வருடம் ஆடியும் எனக்கு வரவில்லை.

இனி அந்த இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன். லாயாங் லாயாங் ஊர்ப் பக்கத்துத் தோட்டக் குழுவோடு ஆடினோம். உங்களில் சிலர் அன்று ஓரத்தில் நின்றீர்கள். முதல் பாதியில் ஆளுக்கு ஒரு கோல். இடைவேளையில் மழை கொட்டியது. திடலில் இருந்தது ஒரே ஒரு கொட்டகை. இரண்டு குழுவும் அதற்குள் முட்டி மோதி நின்றோம். அவர்களும் தமிழர்கள், நாங்களும் தமிழர்கள். இங்கே பேசினால் அங்கே கேட்கும். அதனால் எங்கள் குழுவைப் பார்த்துக்கொண்ட கிராணி, தோட்டத்துக் கணக்குப் பிள்ளை, பால் எடைச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் ஏதோ எழுதி முதலில் சன்னாசியிடம் கொடுத்தார். அவன் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தான்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்று யாருக்கும் தெரியாது. அப்போது எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பையன் ஆறாம் வகுப்பு வரை படித்தவன் என்று என் மாமா பெண் வீட்டில் சொல்லி வைத்திருந்தார். பெண்ணின் அண்ணன் அன்று ஆட்டம் பார்க்க வந்து, அதே கொட்டகையில் எனக்கு ஒரு முழ தூரத்தில் நின்றான். நான் சீட்டை வாங்கினேன். ஒருவன் படிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பார்த்தேன். தலையாட்டினேன். மடித்துக் கொடுத்தேன். நான் பார்த்தது அச்சடித்த பக்கத்தை. கிராணி எழுதியது பின்பக்கத்தில்.

அதில் எழுதியிருந்தது இதுதான் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்: இனி இடது ஓரத்துக்கு அடிக்காதே, சன்னாசி நடுவுக்கு ஓடி வருவான், பந்தை நடுவில் போடு.

ஆட்டம் முடிய சிறிது நேரம் இருந்தபோது எனக்குப் பந்து கிடைத்தது. நான் வழக்கம்போல் இடது ஓரத்துக்கு ஓங்கி அடித்தேன். சன்னாசி அதற்குள் நடுவுக்கு ஓடத் தொடங்கியிருந்தான். பந்து தனக்குப் பின்னால் போவதைப் பார்த்தான்.

அப்போது அவன் நின்றிருக்கலாம். இரண்டு கையையும் விரித்து, 'எங்கே அடிக்கிற?' என்று கேட்டிருக்கலாம். எந்த ஆட்டக்காரனும் அதைத்தான் செய்வான். பந்து வெளியே போயிருக்கும், என் தவறு என்று திடல் முழுக்கத் தெரிந்திருக்கும். அவன் சேற்றில் வழுக்கியபடி திரும்பினான். ஓடினான். பந்து தரையைத் தொடுவதற்கு முன் உடம்பை நீட்டிக் காலை எட்டினான். நனைந்த பந்து அவன் கணுக்காலில் பட்டு எதிராளியிடம் போனது. அங்கிருந்து நேராக நம் கோலுக்குப் போனது. நாங்கள் தோற்றோம். தொட்டவன் அவன். அதனால் விட்டவனும் அவன் என்று ஆகிவிட்டது.

கிராணி குடையோடு திடலுக்குள் வந்தார். "சீட்டுல என்ன எழுதினேன்? யாரு மறந்தது?" என்று கத்தினார். பெண்ணின் அண்ணன் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் குனிந்து காலில் ஒட்டிய சேற்றை வழித்தேன்.

"நான்தாங்கய்யா. நடுவுக்கு ஓடணும்னு மறந்துட்டேன்" என்றான் சன்னாசி.

திரும்பும் வழியில் லாரியில் நம் கோல்கீப்பர் தங்கையா பெயரை வைத்தான். "கால்ல என்னடா, ஓட்டையா? பந்து பூந்து அந்தப் பக்கம் போயிருச்சு!" லாரியே குலுங்கியது. தங்கையா, நீயும் இந்தப் பலகையைப் படிப்பாய் என்று தெரியும். உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அன்று நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

அன்று மாலை குழாயடியில் சேற்றைக் கழுவும்போது சன்னாசி பக்கத்தில் வந்தான். "சீட்டுல எழுதினது பின்பக்கம் அண்ணே" என்றான். அவ்வளவுதான். காலைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

என் கல்யாணம் நடந்தது. மூன்றாம் நாளே என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். ஆறாம் வகுப்பு மாப்பிள்ளை மருந்துப் புட்டியைத் தலைகீழாகப் பிடிக்கிறாரே என்று வயிறு வலிக்கச் சிரித்தாள். அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. இதற்காகவா ஒருவன் பெயரைக் கெடுத்தோம் என்று அன்று நினைத்தேன். மறுநாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு ஒவ்வொரு வருடமும் சொல்வது இன்னும் கடினமானது.

தோட்டத்தை விற்றார்கள். நாங்கள் பல பேர் செனாயில் தொழிற்சாலை வேலைக்குப் போனோம். ஒரு வருடம் தொழிற்சாலைக் குடும்ப நாள் விழாவில் இளைஞர்கள் காற்பந்து ஆடினார்கள். ஒரு ஆள் குறைந்தது. சன்னாசிக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். வெறுங்காலோடுதான் ஆடுவேன் என்று சப்பாத்தைக் கழற்றி, காலுறையை அதற்குள் சொருகி வைத்தான். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அதற்குள் யாரோ, "அலமாக்! ஓட்டைக்காலுக்கா பந்து குடுக்கப் போறீங்க?" என்று கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு உட்கார்ந்து, உறையை மாட்டி, சப்பாத்தை மாட்டி, கயிற்றை மெதுவாகக் கட்டினான். நான் பக்கத்தில் பொட்டலச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவனைக் கடைசியாகப் பார்த்தது நான்கு மாதங்களுக்கு முன். நெஞ்சு வலி வந்து வீட்டில் படுத்திருந்தான். நான் படிக்கத் தொடங்கிய செய்தியைச் சொல்லத்தான் போனேன். பத்திரிகையைக் கையோடு கொண்டுபோய் ஒரு தலைப்பைப் படித்துக் காட்டினேன். நான்கு சொல்லுக்கு ஐந்து நிமிடம் ஆனது. அவன் கண்ணை மூடிக் கேட்டான். முடித்ததும், "நல்லா இருக்கு. பின்பக்கமும் பாருங்க அண்ணே, அங்கயும் எழுதியிருப்பாங்க" என்றான். இரண்டு பேரும் இருமல் வரும்வரை சிரித்தோம்.

அன்று மன்னிப்புக் கேட்க வார்த்தை வாய் வரை வந்தது. ஆனால் எழுதக் கற்றுக்கொண்டு, ஊரே படிக்கும்படி எழுதி, முதல் ஆளாக அவனிடம் காட்டுவோம் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். எழுதுவதில் இன்னும் 'ஞ' வரை போகவில்லை என்று ஒரு சாக்கு. அவன் காத்திருக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவன் மனைவி இந்திராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கிட்டகூட அவரு சொன்னதில்ல" என்றார். "என் மக கல்யாணத்துல மைக்குல 'ஓட்டைக்கால் சன்னாசி மேடைக்கு வரவும்'னு கூப்பிட்டாங்க. சம்பந்தி வீடே சிரிச்சிச்சு. அன்னைக்கு நீங்க முன் வரிசையிலதான இருந்தீங்க?"

"ஆமா" என்றேன்.

"சாப்பிட்டுட்டுத்தான் போனீங்க?"

"ஆமாம்மா."

அவர் எழுந்து உள்ளே போனார். இனி வர மாட்டார் என்று நினைத்தேன். தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "எழுதுங்கண்ணே. பெரிய எழுத்தா எழுதுங்க. முப்பதாம் நாளுக்குப் பத்திரிகையில போடுறப்ப அந்தப் பேரு வராதுன்னு மகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். ஆனா ஊரு வாய்ல இருக்கிறத நீங்கதான் எடுக்கணும். ஒரு தடவ எழுதினா போயிருமா? அம்பது வருசம்லா கூப்பிட்டிருக்காங்க."

சன்னாசியிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது ஒன்றுதான். பந்து தப்பாக வருகிறது என்று தெரிந்தும் சேற்றில் திரும்பி ஓடினானே, அந்த ஓட்டம். அதைப் பார்த்தவர்களில் அது எதற்காக என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். இப்போது நீங்களும்.

இந்திராணி சொன்னது சரி. நேற்றுகூடக் காப்பிக் கடையில் ஒருவர், "பாவம், ஓட்டைக்கால் போயிட்டானே" என்றார். அவருக்கு இன்னும் தெரியாது. அடுத்த வாரம் பலகை எங்கள் வகுப்புப் பச்சையம்மாளுடைய முறை. தன் பேரனின் பிறந்தநாளைப் பற்றி எழுதி வைத்திருந்தார். அவரிடம் கேட்டு, அந்த வாரத்தை வாங்கிக்கொண்டேன். இதையே இன்னும் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.