இன்ஸ்பெக்டர் வாங்கிய மவுஸ்

வல்லம் வடகாலில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்குக் குறை கண்டுபிடிக்கிற வேலை; குவாலிட்டி இன்ஸ்பெக்டர் என்று பெயர். வெளியிலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்த்து, தேறாதவற்றில் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். பல வருடங்களாக இதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் இதையே இலவசமாகச் செய்கிறேன் என்பது என் மனைவியின் புகார்.

அவள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில், லைனில் நின்று ஸ்க்ரூ முடுக்குகிறவள். முடுக்கி முடுக்கி மணிக்கட்டு போய்விட்டது. அந்தச் சமயத்தில்தான் லைனில் இருக்கும் பெண்களிலிருந்து சிலரை ஆபீசுக்கு எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். கம்ப்யூட்டரில் ஒரு டெஸ்ட். தேறினால் நாற்காலி, தேறாவிட்டால் மறுபடியும் ஸ்க்ரூ. மூன்று வாரம் இருந்தது.

எங்கள் பழைய லேப்டாப்பில் டச்பேட் செத்துப்போயிருந்தது. குன்றத்தூரில் எங்களுடையது ஒற்றை அறை வீடு. கட்டிலில் உட்கார்ந்துதான் பழக வேண்டும். சாதாரண மவுஸ் என்றால் வயர் போர்வையில் மாட்டும். அதனால் வயர் இல்லாத மவுஸ் ஒன்று பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். நான் விடுவேனா? எண்ணூறு ரூபாய்க்குள் இருப்பதிலேயே நல்லதை நானே பார்த்து வாங்குவதாகச் சொல்லிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

முதல் வாரம் ஆராய்ச்சியில் போனது. சத்தம், எடை, பேட்டரி, உத்தரவாதம் என்று பதினாறு அம்சங்களுக்கு அட்டவணை போட்டேன். வாங்கியவர்களின் கருத்துகளை டீ இடைவேளைகளில் படித்தேன். அட்டைப்பெட்டி நசுங்கியிருந்ததற்காக மவுஸுக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்த ஒருவரிடம் எனக்கு மரியாதையே வந்தது. அவள் அதுவரை கீபோர்டில் அம்புக்குறிகளைத் தட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்த மவுஸின் சக்கரத்தில் லேசான ஆட்டம். திருப்பி அனுப்பினேன். இரண்டாவதில் மேல்மூடியும் அடிப்பாகமும் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி. பழகுவதற்கு இது போதும் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். இன்று இடைவெளியை விட்டால் நாளைக்குக் கம்பெனிக்காரன் பட்டனையே விட்டுவிடுவான் என்று அதையும் அனுப்பினேன். டெலிவரி கொண்டுவருகிறவர், பார்சலைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிற்கப் பழகிக்கொண்டார்.

மூன்றாவது தேறியது. கட்டைவிரல் உட்காரப் பக்கவாட்டில் பள்ளம், உள்ளங்கையைத் தாங்கும் சரிவு, சத்தமே இல்லாத கிளிக். என் கையில் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. டெஸ்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது பெருமையோடு அவளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கி, இடப்பக்கம் வைத்துப் பிடித்துப் பார்த்தாள். பள்ளம் தப்பான பக்கத்தில் இருந்தது. திருப்பிப் பிடித்தாள். அப்போதும் சரிப்படவில்லை.

"இது சோத்தாங்கைக்கு செஞ்சது" என்றாள். "சோத்தாங்கை போச்சுன்னுதானே நான் இந்த டெஸ்டுக்கே போறேன். மூணு மாசமா எல்லாம் பீச்சாங்கையிலதான் பண்ணிக்கினு கீறேன். பாக்கலியா நீ?"

பார்த்திருக்கிறேன். அவள் ஸ்பூனால் சாப்பிடுவதைப் பார்த்து, ஆபீசுக்குப் போகுமுன்னே மேடத்துக்கு ஸ்டைல் வந்துவிட்டது என்று கிண்டல்கூடச் செய்திருக்கிறேன். ஸ்பூன் எந்தக் கையில் இருந்தது என்று மட்டும் பார்க்கவில்லை. அட்டவணையின் பதினாறு அம்சங்களில் கை என்ற ஒன்று இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

அன்று சாயங்காலமே அவள் பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போனாள். நான்கைந்தின் மேல் இடது உள்ளங்கையை வைத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்த ஒன்றை நானூறு ரூபாய்க்கு வாங்கினாள். மேல்மூடி கொஞ்சம் கோணல். நான் பேட்டரியைப் போட்டுக் கொடுத்தேன்.

நான்கு நாள் பழக்கம் போதவில்லை. எல்லாக் கட்டங்களையும் சரியாகத்தான் நிரப்பினாளாம். நேரம் முடிந்தபோது கடைசி இரண்டு பக்கம் பாக்கி. அடுத்த டெஸ்ட் ஆறு மாதம் கழித்து என்றார்கள். மறுநாள் காலை மணிக்கட்டில் துணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். என்னால்தான் போயிற்று என்று அவளிடம் சொன்னேன்.

"சரி வுடு. அடுத்த டெஸ்டுக்கு நீ எதுவும் வாங்கித் தராம இருந்தா போதும்" என்றாள். கட்டின் முனையை ஒரு கையால் முடிச்சுப் போட முடியாமல் என்னிடம் நீட்டினாள்.