மூன்றாம் எண்ணில் நின்ற கடிதம்

அரிசி மணியைவிடச் சற்றே பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு அது. தொலைபேசி வழியாகக் கணினியை இணையத்தில் சேர்க்கும் மோடம் அட்டையில் இரண்டு ஊசிகளின்மேல் உட்கார்ந்திருக்கும். இடம் மாற்றிச் செருகினால் மோடத்தின் எண் மாறும். தொண்ணூறுகளின் பிற்பாதியில் மலேசியாவின் சிரம்பானில் கணினி பழுதுபார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியாததல்ல. பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பகாவ் ஊருக்கு அப்பால் ஒரு தோட்ட அலுவலகம். மோடத்தில் இணைப்புக் கிடைத்ததும் மௌஸ் அசையாமல் நின்றுவிடுகிறது, இணைப்பும் அறுந்துவிடுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்தவரை அக்கா என்றே கூப்பிட்டேன்; என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய தம்பி கப்பல் வேலைக்குப் போய் ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. அலுவலகத் தொலைபேசியில் சொந்தப் பேச்சு கூடாது. சனிக்கிழமை மத்தியானம் மட்டும் தம்பியின் மின்னஞ்சலைப் பார்த்துக்கொள்ள மேனேஜர் விட்டிருந்தார்.

“மௌஸ கழட்டி வச்சிட்டா லைன் நல்லா போவுது தம்பி. நான் பட்டனத் தட்டியே படிச்சிக்குவேன்லா,” என்றார் அக்கா என்னிடம்.

மௌஸுக்கும் தொலைபேசி இணைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்துவிட்டேன். “மோடம் கெட்டுப்போச்சுக்கா,” என்று கழற்றி எடுத்து வந்தேன்.

கடையில் அது ஒழுங்காக வேலை செய்தது. இரண்டு வாரம் குழம்பிய பிறகே அக்கா சொன்னது எனக்கு உறைத்தது. அப்போதைய கணினி இத்தகைய கருவிகளுக்கு ஒன்று முதல் நான்கு வரை எண் தரும். ஆனால் ஒன்றும் மூன்றும் கணினியைக் கூப்பிடுவது ஒரே கம்பி வழியாகத்தான். அக்காவின் மௌஸ் ஒன்றில் இருந்தது, மோடம் மூன்றில். இரண்டும் சேர்ந்து கூப்பிட்டால் எதற்குப் பதில் சொல்வதென்று கணினிக்கு விளங்காது. எங்கள் கடை மௌஸுக்கு வேறு வழி இருந்ததால் அங்கே தகராறு இல்லை.

அந்தக் கறுப்புத் துண்டை நான்காம் எண்ணுக்கு மாற்றி, கொண்டுபோய் மாட்டினேன். ஒரு நிமிட வேலை. அக்கா மின்னஞ்சலைத் திறந்தார். தம்பியின் கடிதம் பத்து நாளாகக் காத்திருந்தது. கப்பல் கிள்ளான் துறைமுகத்தில் இரண்டு நாள் நிற்கும், வெளியூர் போக விடமாட்டார்கள், அக்கா வந்தால் துறைமுக வாசலில் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். அந்த இரண்டு நாளும் போன வாரமே கடந்துபோயிருந்தன.

அக்கா மௌஸிலிருந்து கையை எடுத்தார். “வாசல்ல வந்து நின்னிருப்பான்,” என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலாம்போல் இருந்தது.

இன்று கணினி எண்களைத் தானே பங்கிட்டுவிடுகிறது. எது எந்த எண்ணில் இருக்கிறதென்று யாரும் கேட்பதில்லை. தோட்டத்தை விற்ற பிறகு சிரம்பானுக்கு அருகே பாரோய்க்குக் குடிவந்த அக்காவைப் போன வருடம் அங்கே சந்தையில் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. தம்பி வந்தாரா என்று கேட்டேன்.

“ஒரு தடவகூட வரல. கல்யாணம் கட்டி வெளிநாட்டுலயே இருந்துட்டான். போன்ல மொகத்தப் பாத்துப் பேசுறோம்,” என்றார். காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டார். “அன்னைக்குப் போயிருந்தா தொட்டுப் பாத்திருப்பேன்.”